எரிபொருளா? எச்சமா?

எச்சம் என்னும் சொல்லுக்குத் தமிழில் பொருள் பல. பயன்கொண்டது போக மிஞ்சி நிற்பது எச்சம். ஒருவர்க்குப் பின் உலகில் நிற்கும் மக்களும் எச்சமே. முடியாது நின்று மற்றொரு வினையை எதிர்நோக்கும் சொல்லையும் இலக்கணத்தார் எச்சம் என்றே வகுத்தனர். அணுவுலையில் எரிந்து வெளிவரும் கோல்களுக்கு இம்மூன்று பொருளும் ஒருங்கே பொருந்தும். அவை மிஞ்சியவை, வழிவழி வரும் பிள்ளைகள் தலையில் விழுபவை, முடியாத வினையாய் நிற்பவை.

ஆயின் தில்லியிலும் மும்பையிலும் அமர்ந்து அணுவாற்றலை ஆள்வோர் அதனை எச்சம் என ஒப்புவதில்லை. கழிவு என்றால் சினங்கொள்கின்றனர். ‘அது கழிவன்று, செல்வம், இன்றைய உலையின் எச்சம் நாளைய உலையின் எரிபொருள், ஈனுலை வந்துவிட்டால் கழிவென்னும் சிக்கலே இராது’ என்பது அவர்தம் கூற்று. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்பாக்கத்தைக் காட்டும்போதும், கூடங்குளத்து மக்கள் கேள்வி எழுப்பும்போதும் இதே விடைதான். ஒரு பொருளின் பெயரை மாற்றினால் அதன் இயல்பும் மாறிவிடும் என்று நம்பச் சொல்கின்றனர்.

இக்கூற்றுச் சேலம், நாமக்கல் நிலப்பகுதி மக்களின் காதில் எளிதாக ஏறும். ஏனெனில் எச்சத்தைப் பயனாக்கியே வாழும் மண் அது. ஆத்தூரிலும் இராசிபுரத்திலும் மரவள்ளிக் கிழங்கை அரைத்துச் சவ்வரிசி எடுத்தபின் மிஞ்சும் திப்பி, மாட்டுக்குத் தீனியாகிறது. ஆலையின் கழிவுநீரிலிருந்தும் சிலர் எரிவளி எடுக்கின்றனர். நாமக்கல் கோழிப்பண்ணையின் எரு, மஞ்சட்காட்டுக்கும் கரும்புக்காட்டுக்கும் செல்கிறது. மேட்டூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல், செங்கல்லாகவும் சைமாவாகவும் உருமாறுகிறது. எதையும் வீணாக்காத உழவனிடமும் நெசவாளியிடமும் ‘அணுக்கழிவும் அப்படித்தான்’ என்றால் அவன் தலையசைப்பது இயல்பே. அவனுடைய நல்லியல்பையே அவனை ஏமாற்றும் கருவியாக்குவதுதான் இதிலுள்ள கொடுமை.

திப்பியை மாடு தின்றுவிட்டால் திப்பி இல்லை. எரு மண்ணில் கலந்துவிட்டால் எரு இல்லை, பயிர்தான் உண்டு. பயனாகும்போதே தன் நச்சும் நாற்றமும் நீங்கி மறைவதுதான் உண்மையில் பயனான கழிவு. அணுவுலை எச்சம் இவ்வாய்வில் தேறுமா?

கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் 1983-இலும் 1985-இலும் இயங்கத் தொடங்கிய இரண்டு உலைகளும் இயற்கை யுரேனியத்தை எரிப்பவை. அவ்வகை உலையில் எரிந்து வெளிவரும் கோலில் ஆயிரம் பங்கு எடுத்தால், அதில் ஏறத்தாழ நான்கு பங்கே புளூட்டோனியம். ஈனுலைக்கு வேண்டிய ‘செல்வம்’ அதுதான். அதை எடுக்க, கோல்களைத் துண்டாக்கி நைட்ரிக் காடியில் கரைத்துப் பிரிக்கின்றனர். 500 மெகாவாட் ஈனுலை ஒன்றை முதன்முறை நிரப்ப ஏறத்தாழ இரண்டு டன் புளூட்டோனியம் வேண்டும். அதற்காக ஐந்நூறு டன்னுக்கு மேற்பட்ட எரிந்த கோல்களைக் கரைத்தாக வேண்டும்.

அவ்வாறு பிரித்தபின் மிஞ்சும் நீர்மத்தில்தான் சீசியமும் திராஞ்சியமும் பிற பிளவுப் பொருள்களும் உள்ளன. எரிந்த கோலின் கதிர்வீச்சில் பெரும்பகுதி அவற்றினுடையதே. முன்னர்க் கோலுக்குள் திண்மமாய் அடங்கியிருந்தது இப்போது காடியில் கரைந்து தொட்டியில் நிற்கும். அதைக் கண்ணாடியோடு உருக்கிக் கலந்து கலங்களில் அடைத்துப் பல பத்தாண்டு குளிர்வித்து, பின்னர் நிலத்தின் ஆழத்தில் புதைக்க வேண்டும் என்பது அணுத்துறையே சொல்லும் முறை. கழிவு மறையவில்லை, அதன் வடிவந்தான் மாறியது.

புளூட்டோனியத்தை எரிக்கும் ஈனுலையும் கழிவின்றி எரிவதன்று. கல்பாக்கத்து ஈனுலையின் வெப்ப ஆற்றல் 1,250 மெகாவாட். ஒரு மெகாவாட் வெப்பத்தை ஒரு நாள் முழுதும் தர ஏறத்தாழ ஒரு கிராம் அணுப்பொருள் பிளவுபட வேண்டும். எனவே அவ்வுலை முழுவீச்சில் ஓடும் ஒவ்வொரு நாளும் ஒன்றேகால் கிலோ பிளவுக் கழிவு புதிதாகப் பிறக்கும். ‘கழிவைத் தின்னும் உலை’ என்று புகழப்படுவது, தின்ற அளவுக்குக் கழிவையே இடுகிறது.

இதற்கும் அவர்களிடம் விடையுண்டு. ‘ஈனுலை நெடுங்கால நஞ்சை எரித்துவிடும், மிஞ்சுவது முந்நூறு ஆண்டில் அடங்கிவிடும்’ என்பர். முதற்கண், அது கல்பாக்கம் உலையின் இன்றைய வேலையன்று. வருங்கால உலைகளைப் பற்றிய எதிர்பார்ப்பு. அதையும் ஒப்புக்கொள்வோமாயினும், முந்நூறு ஆண்டு என்பது எத்துணைக் காலம்? சேலம் நிலப்பகுதியைத் திப்புவிடமிருந்து ஆங்கிலேயர் பறித்தது 1792-இல். அதன்பின் ஆங்கிலேயர் ஆண்டு, சென்று, தில்லியாட்சி வந்து, இத்தனை மாற்றம் நிகழ்ந்தும் இருநூற்று நாற்பது ஆண்டுகூட ஆகவில்லை. அதனினும் நெடிய காலம் ஒரு கலத்தைக் காவல் காக்கும் அரசு எது?

புளூட்டோனியத்தின் கணக்கோ வேறு. அது பாதியாகத் தேயவே 24,100 ஆண்டு ஆகும். நாமக்கல் பரமத்தி வேலூருக்கு எதிரே, காவிரிக்குத் தென்பால், புகழூர் ஆறுநாட்டார் மலையில் சேர மன்னர் பொறித்த தமிழிக் கல்வெட்டு உள்ளது. அது தமிழ், ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு ஆண்டுப் பழமையது. அம்மலையடியில் பிறந்து வளர்ந்த தமிழரில் எத்தனை பேரால் இன்று அதைப் படிக்க இயலும்? தன் மொழியில், தன் ஊர் மலையில், தன் முன்னோர் வெட்டிய எழுத்தையே படிக்க இயலாத நிலையில், இருபதாயிரம் ஆண்டுக்குப் பின் வருவோர்க்கு ‘இங்கே தோண்டாதே’ என்று எவ்வெழுத்தில் பொறித்து வைப்பது?

இனி உறுதிமொழியின் வரலாற்றை எண்ணுக. யுரேனிய உலை முதல் நிலை, புளூட்டோனிய ஈனுலை இரண்டாம் நிலை, தோரிய உலை மூன்றாம் நிலை என்னும் திட்டத்தை ஓமி பாபா 1954-இல் வகுத்தார். தோரியம் என்றதும் தமிழர் நினைவுக்கு வர வேண்டியது மணவாளக்குறிச்சிக் கடல்மணல். 1962-இல் அவர் 1987-ஆம் ஆண்டிற்குள் இருபதாயிரம் முதல் இருபத்தையாயிரம் மெகாவாட் அணுமின்னாற்றல் இருக்கும் என்றார். 1987-இல் இருந்ததோ அதில் மிகச் சிறு பங்கே. அவர்க்குப் பின்வந்த விக்கிரம் சாராபாய் 2000-ஆம் ஆண்டிற்கு 43,500 மெகாவாட் என்றார்; 2000-இல் இருந்தது மூவாயிரத்திற்கும் குறைவு. 2025-இலும் ஒன்பதாயிரத்தை எட்டவில்லை. அவ்வாண்டு வரவு செலவுத் திட்டத்தில் நடுவணரசு கூறியது: 2047-இல் ஒரு நூறாயிரம் மெகாவாட்!

சேலத்தார்க்குத் தில்லியின் உறுதிமொழி புதிதன்று. 1970-இல் இந்திரா காந்தி இரும்பாலைக்கு அடிக்கல் நாட்டினார். கஞ்சமலை இரும்பு உருகும், ஊர் செழிக்கும் என்றனர். 1980-களின் தொடக்கத்தில் ஆலை ஓடியபோது, அது கஞ்சமலைக் கல்லை உருக்கும் ஆலையாக வரவில்லை. பிறவிடத்துத் தகட்டை வாங்கி உருட்டும் ஆலையாகவே வந்தது.

கல்பாக்கத்திலும் அதே கதை. அங்கே 1985-இல் சிறிய ஆய்வு ஈனுலை இயங்கத் தொடங்கியது. 1987-இல் எரிபொருள் கோலைக் கையாள்கையில் நேர்ந்த கேட்டினால் அது ஏறத்தாழ இரண்டாண்டு முடங்கியது. 2002-இல் சோடியம் கசிந்தது. பேருலையின் கட்டுமானம் 2004-இல் தொடங்கிற்று. 2010-இல் மின்சாரம் என்றனர். செலவு 3,492 கோடி உருபா என்றனர். திருத்திய மதிப்பு 5,677 கோடியாயிற்று, பின்னும் ஏறிற்று. 2010 சென்று பதினான்கு ஆண்டு கழித்து, 2024 மார்ச்சு 4-ஆம் நாள், உலைக்குள் கோல்களை ஏற்றும் பணியின் தொடக்கத்தைத் தலைமையமைச்சர் நரேந்திர மோடி நேரில் வந்து கண்டார். அதற்கே நாடு முழுதும் கொண்டாட்டம். குறித்த நாளில் நெய்து தராத நெசவாளிக்குக் கூலியில் பிடித்தம் உண்டு. அணுத்துறைக்கோ பாராட்டும் கூடுதல் பணமும் உண்டு.

ஈனுலை புதுக்கண்டுபிடிப்பும் அன்று. அணுவிலிருந்து முதன்முதல் மின்சாரம் எடுத்ததே ஈனுலையில்தான்: 1951 திசம்பரில் அமெரிக்காவின் ஐடகோவில் நான்கு மின்விளக்குகள் எரிந்தன. அந்த அமெரிக்கா, தன் கிளிஞ்சு ஆற்று ஈனுலைத் திட்டத்தை 1983-இல் கைவிட்டது. பிரான்சு 1,200 மெகாவாட் ‘சூப்பர் பீனிக்சு’ உலையைக் கட்டி, 1997-இல் மூட முடிவு செய்தது. செருமனி கால்காரில் கட்டிய ஈனுலை ஒரு நாளும் ஓடாமலே 1991-இல் கைவிடப்பட்டு, இன்று பிள்ளைகள் விளையாடும் பூங்காவாக உள்ளது. சப்பானின் மோஞ்சு உலையில் 1995 திசம்பரில் சோடியம் கசிந்து தீப்பற்றியது. 2016-இல் அதைக் கலைத்துவிட முடிவெடுத்தனர். உருசியா மட்டும் 1980 முதல் ஓர் ஈனுலையை ஓட்டி வருகிறது. பின்னர் இன்னொன்றும் கட்டியது. அஃது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவ்வுருசியாவிலும் கழிவுச் சிக்கல் தீர்ந்துவிடவில்லை.

இவ்வுலையைக் குளிர்விப்பது தண்ணீர் அன்று. ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட உருகிய சோடியம். காற்றுப் பட்டால் எரிவது. நீர் பட்டால் வெடிப்பது. அதை வைத்திருப்பது கடலோரத்தில். 2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தபோது இவ்வுலைக்குத் தோண்டிய அடித்தளக் குழியிலேயே கடல்நீர் புகுந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2003 சனவரி 21-இல், கல்பாக்கம் மறுபிரிப்பு ஆலையில் அடைப்பிதழ் ஒன்று பழுதாகி ஆறு தொழிலாளர் அளவு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர். எச்சத்தை எரிபொருளாக்கும் அதே தொழிலில்தான் இது நிகழ்ந்தது என்பதை நினைவில் வைக்க.

எச்சம் எங்கே போகும் என்று கேட்டால்தான் ‘எரிபொருள்’ என்னும் பெயரின் உட்பொருள் விளங்கும். 2012 நவம்பரில், கூடங்குளக் கழிவைக் கோலார்த் தங்கவயலின் கைவிட்ட சுரங்கங்களில் வைக்கும் எண்ணம் உச்ச நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. கருநாடகம் கொதித்தெழுந்தது. சில நாளிலேயே நடுவணரசு ‘அத்தகைய திட்டம் இல்லை’ என்று பின்வாங்கியது. கன்னடர் எதிர்த்தது முறையே, அவர்மேல் குறையில்லை. ஆனால் அதன்பின் நடந்ததென்ன? 2013 மே 6-ஆம் நாள் தீர்ப்பில், உலைக்கு வெளியே தனிக் கழிவு வைப்பகம் ஐந்தாண்டில் அமைக்க வேண்டுமென உச்ச நீதிமன்றம் பணித்தது. ஐந்தாண்டு சென்றது, அமைக்கவில்லை. 2018-இல் கூடுதற் காலம் கேட்டுப் பெற்றனர். 2019 சூலையில் கூடங்குள வளாகத்திலேயே அதை அமைக்க மக்கள் கருத்துக் கேட்பு என அறிவித்து, எதிர்ப்பெழவே தள்ளிவைத்தனர்.

கோலாருக்குக் கூடாத கழிவு, தமிழ்மண்ணில் வைக்கப்படும்போது மட்டும் செல்வமாகிவிடுமா? ‘கழிவு’ என்று ஒப்புக்கொண்டால், ‘எங்கே புதைப்பாய், யாரைக் கேட்டுப் புதைப்பாய்’ என்னும் கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். ‘எரிபொருள்’ என்று பெயரிட்டால் விடை வேண்டுவதில்லை. ‘பின்னர்ப் பயன்படும், இங்கேயே இருக்கட்டும்’ என்று சொல்லிவிடலாம். இப்பெயர் மாற்றம் அறிவியலால் வந்ததன்று. பொறுப்பைத் தள்ளிப்போடும் ஆட்சியாளர் சூழ்ச்சியால் வந்தது. மேலும் இரண்டு ஈனுலைகளையும், எரிந்த கோல்களைக் கரைக்கும் பேராலையையும் கல்பாக்கத்திலேயே அமைக்கத் திட்டமிட்டிருப்பது இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

இஃது உண்மையில் மின்சாரத்திற்கான உலைதானா என்பதும் கேட்கத்தக்கதே. 2006-இல் அமெரிக்காவோடு அணு உடன்பாடு பேசியபோது, இந்தியா தன் உலைகளை மின்னுக்கு உரியவை, படைக்கு உரியவை எனப் பிரித்தது. பன்னாட்டுக் கண்காணிப்பின்கீழ் வரும் பட்டியலில் கல்பாக்கத்து ஈனுலைகளைச் சேர்க்க மறுத்தது. அணுவாற்றல் ஆணையத் தலைவர் அனில் ககோத்கர், அவை மின்தேவைக்கும் படைத்தேவைக்கும் ஒருங்கே வேண்டியவை என்னும் கருத்தை அவ்வாண்டு வெளிப்படையாகவே சொன்னார். ஆக, திருச்செங்கோட்டுத் தறிக்கு மின்சாரம் என்று சொல்லிக் கட்டிய உலையில் குண்டுக்கான வழியும் திறந்தே வைக்கப்பட்டுள்ளது.

பெயர்களைக் காண்க. அப்சரா, துருவா, பூர்ணிமா, காமினி என்பன உலைகளின் பெயர்கள். தமிழ்மண்ணில் ஈனுலை நடத்தும் நிறுவனத்தின் பெயர் ‘பாவினி’. 2025 திசம்பரில் நாடாளுமன்றம் இயற்றிய புதிய அணுச்சட்டத்திற்கு, ஆங்கில எழுத்துகளைக் கோத்து ‘சாந்தி’ என்று பெயர் வைத்தனர். அச்சட்டம் அணுமின் தொழிலைத் தனியார்க்குத் திறந்துவிட்டது. எரிந்த கோலைக் காக்கும் பொறுப்பை மட்டும் நடுவணரசின் கையிலேயே வைத்தது. ஈட்டம் முதலாளிக்கு, எச்சம் மக்களுக்கு! பெயர் வடமொழியில், அறிக்கை ஆங்கிலத்தில், கதிர்வீச்சு மட்டும் தமிழர்க்கு. 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க விதிகளின் வரைவை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வெளியிட்டபோது, பிற மொழிகளிலும் தருக என்று தில்லி உயர்நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. அதையும் எதிர்த்து மேல்முறையீட்டுக்குச் சென்றது நடுவணரசு.

‘எனில் தறிக்கு மின்சாரம் எங்கிருந்து வரும்?’ என்று பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வியே. 2012-இல் நாளின் பாதிப்பொழுது மின்வெட்டால் தறிகள் ஊமையாய்க் கிடந்தன. கூலி இன்றிக் குடும்பங்கள் வாடின. அவ்வின்னலையே காட்டித்தான் இடிந்தகரை மக்களின் குரலை அடக்கினர்; நெசவாளியின் பசியை மீனவனுக்கு எதிராக நிறுத்தினர். ஆனால் அம்மின்வெட்டைத் தீர்த்ததில் ஈனுலைக்கு ஒரு துளிப் பங்கும் இல்லை. மேட்டூரில் 600 மெகாவாட் புதிய அலகும், வல்லூர், வடசென்னை அனல் அலகுகளும், தென்னகத்தைப் பிற பகுதிகளோடு இணைத்த மின்தடமும், காற்றாலைகளும் வந்தே அது தணிந்தது. அனலிலும் சாம்பலும் புகையும் உண்டு. மேட்டூர் மக்கள் அதை மூச்சில் அறிவர். ஆகவே நிலக்கரியே போதும் என்பதும் விடையன்று.

சேலம், நாமக்கல் நிலப்பகுதியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் ஆற்றல் பதினாயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. 2016-இல் கமுதியில் 648 மெகாவாட் கதிரொளி மின்நிலையம் ஏறத்தாழ எட்டுத் திங்களில் எழுந்தது. இரவில் அது மின் தராது என்பது மெய். அதன் உடைமை வடநாட்டு முதலாளியிடம் என்பதும் மெய். அதுவும் கேட்கப்பட வேண்டிய வழக்கே. ஆயினும் எட்டுத் திங்கள் எங்கே, இருபது ஆண்டு எங்கே! தறிக்கூடத்தின் கூரையும், கோழிக் கொட்டகையின் கூரையும், உழவர் கிணற்றுமேடும் மின்விளையும் நிலமாகலாம்; பகலில் விளைந்ததை இரவுக்குச் சேமிக்கும் கலங்களும் இன்று உள. அவற்றின் எச்சத்திற்கு இருபதாயிரம் ஆண்டுக் காவல் வேண்டுவதில்லை. அவற்றின் சாவி தில்லியில் இருக்க வேண்டுவதும் இல்லை.

எனவே தமிழர் கேட்க வேண்டியவை மூன்று. கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் எரிந்த கோல் எத்தனை டன், பிரித்த கழிவு எத்தனை தொட்டி என்னும் கணக்கைத் தமிழில், ஊர்தோறும், வெளியிடுக. கழிவின் முடிந்த முடிபான இடம் எது என்று முடிவாகாமல், தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் ஒப்புதல் பெறாமல், புதிய ஈனுலை ஒன்றும் தமிழ்மண்ணில் எழுப்பற்க. அதற்கென ஒதுக்கும் கோடிகளைத் தறிக்கும் கிணற்றுக்கும் ஒளிமின் அமைக்கவும் சேமிக்கவும் தருக.

திப்பியின் பயனை அறிந்தவன், எருவின் அருமையை அறிந்தவன், கழிவு எது, பயன் எது என்று பிரித்தறியத் தில்லியின் அறிவுரையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. மறையாதது கழிவு, அதற்கு எப்பெயர் சூட்டினும் அது கழிவே. பெயருக்கு மயங்காது, பொருளைக் கேட்க! கணக்கைக் கேட்க! பின்வரும் எச்சமாகிய பிள்ளைகளின் பொருட்டு, இன்றே கேட்க!